பொம்மை பொது வகுப்புக்கு வரட்டும்: நன்கொடைப் பொம்மைகள் குறித்து நமது சங்கத்தின் நிலைப்பாடு

சென்ற பொதுக்குழுவில் தொடங்கிக் கிளைக் கூட்டங்கள்தோறும் நீண்ட விவாதத்தை உறுப்பினர்கள் அறிவார்கள். அதை இங்கே மறுபடி விரிக்கவில்லை. சக்கர நாற்காலி, செவித்துணைக் கருவி, செயற்கைக் கால், வெள்ளைக் கோல் ஆகியவற்றோடு வரும் பேஷன் பொம்மைகளை நன்கொடையாகப் பெறலாமா, பெற்றால் எங்கே வைப்பது என்பதே செயற்குழுவின் முன் இருந்த கேள்வி. நவராத்திரிக்கு முன்பே பதில் வேண்டும் என்று நன்கொடையாளர் தரப்பு நெருக்குவதால், எல்லாக் கருத்துகளும் ஒன்றுபடும்வரை காத்திருக்க இயலவில்லை. பெரும்பான்மை உறுப்பினர்கள் ஏற்ற நிலைப்பாடு இது: இந்தப் பொம்மைகளைக் கொள்கையளவில் வரவேற்கிறோம். ஆனால் அவை முதலில் போய்ச் சேர வேண்டிய இடங்கள் அங்கன்வாடிகளும் திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்துப் பொதுத் தொடக்கப் பள்ளிகளும்தான். சிறப்புப் பள்ளிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் மட்டுமே என்று ஒதுக்கித் தரப்படும் பொம்மைகளைச் சங்கம் ஏற்காது.

பொம்மைகளைப் பற்றி முதலில். 1959-ல் வந்த பார்பிக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒரு தோழி கிடைக்க 1997 வரை ஆயிற்று. பெக்கி என்ற அந்தத் தோழி கடைக்கு வந்ததுமே குட்டு வெளிப்பட்டது: பார்பியின் கனவு மாளிகை லிப்டுக்குள் பெக்கியின் நாற்காலி நுழையவில்லை. 2019-ல் பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் மறுபடி சக்கர நாற்காலிப் பொம்மையைக் கொண்டுவந்தபோது கூடவே ஒரு சாய்தளத்தையும் சேர்த்துக் கொடுத்தது. பிறகு 2022-ல் செவித்துணைக் கருவி அணிந்த பொம்மை, 2023-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ள பொம்மை, 2024-ல் பார்வையற்ற பொம்மை, 2026 ஜனவரியில் ஆட்டிசம் உள்ள பொம்மை என்று வரிசை நீண்டிருக்கிறது. பார்வையற்ற பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் போயிருக்கும் உழைப்பு புரியும். கண்கள் எதிரே இருப்பவரைப் பார்க்காமல் சற்றே மேல்நோக்கி இருக்கின்றன. கோலைப் பிடிக்கத் தோதாக முழங்கை மடங்குகிறது. விரலால் தடவினால் வேறுபாடு தெரியும்படி சட்டைக்கு ஒரு துணி, பாவாடைக்கு வேறு துணி. பெட்டியின் மேல் பிரெய்ல் எழுத்து. அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளையைக் கலந்து செய்ததால் வந்த நுணுக்கம் இது. மெலிந்த இடுப்பு, விலை, விளம்பர நோக்கம் பற்றி உறுப்பினர்கள் எழுப்பிய ஐயங்கள் நியாயமானவையே. அவற்றைக் குழு மறுக்கவில்லை.

பொம்மையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்டவர்களுக்கு ஒரு பழைய சான்றை நினைவூட்டுகிறோம். 1940-களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர், நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்தார்கள். மூன்று முதல் ஏழு வயதுக்குள் இருந்த அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் நல்ல பொம்மை எது என்றதற்கு வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். ஊர் யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே குழந்தை படித்துவிடுகிறது. ஆய்வு நடத்திய முறை பற்றிப் பிற்காலத்தில் விமர்சனங்கள் வந்தது உண்மை. ஆனாலும் 1954-ல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டித்தான் தீர்ப்பளித்தது. நமக்கு முக்கியம் அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது என்பதே. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளுக்குக் கறுப்புப் பொம்மைகளை வாங்கிக் கொடுங்கள் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. நிறம் பார்த்துக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளியில் உட்கார வைப்பதே அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள்.

இங்கே நடப்பதோ நேர்மாறு. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால் போதும். சிறப்புப் பள்ளியின் வாசலில் பேனர் ஏறுகிறது, பிஸ்கட் பொட்டலம் வருகிறது, குழந்தையின் கையில் ஒரு பொருளைத் திணித்துப் புகைப்படம் எடுக்கப்படுகிறது. பிஸ்கட் இருந்த இடத்துக்கு இப்போது பொம்மை வருகிறது. மற்றபடி எதுவும் மாறவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்குச் சக்கர நாற்காலி என்றால் என்ன என்று பொம்மை வைத்து விளக்க வேண்டியதில்லை. தன்னைப் போன்ற ஒரு பொம்மையைப் பார்க்கும்போது அந்தக் குழந்தைக்கு வரும் மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சிக்கு அதற்கு உரிமை உண்டு. ஆனால் சக்கர நாற்காலியைப் பார்த்து மிரளுகிற, விலகுகிற, பட்டப்பெயர் வைக்கிற குழந்தைகள் பொது வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பொம்மை போகாமல், நம் குழந்தைகள் மடியில் மட்டும் கொண்டுவந்து கொட்டுவதற்குப் பெயர் உள்ளடக்குதல் அல்ல. ஒதுக்கிவைத்த இடத்தை அலங்கரிக்கும் வேலை அது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறுகிற, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நம் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து மற்றவர்களோடு சமமாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. இருக்கிற பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கதாக மாற்ற அச்சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜீவ் ரதூரி வழக்கில் சொல்லியாகிவிட்டது. பொம்மைக்குச் சாய்தளம் வர 22 ஆண்டுகள் ஆயின. எங்கள் பிள்ளைகள் இன்னும் படிக்கட்டுக்குக் கீழே காத்திருக்கிறார்கள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே சக்கர நாற்காலி நிற்கிறது. இதைக் கேட்டால் பதில் இல்லாதவர்கள் பொம்மையோடு படம் பிடிக்க மட்டும் வர வேண்டாம்.

சிறப்புப் பள்ளிகளின் தேவையை இந்த அறிக்கை மறுப்பதாக யாரும் பொருள் கொள்ளக் கூடாது. சைகை மொழியிலும் பிரெய்லிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் போதிய அளவில் பொதுப் பள்ளிகளுக்கு வரும்வரை அவற்றின் பணி இன்றியமையாதது. பொம்மைக்குச் செலவிடும் பணத்தில் பயிற்சிக் கருவி வாங்கலாமே என்ற வாதத்துக்கும் மதிப்புண்டு. ஆனால் கருவிகள் அரசு தர வேண்டியவை, நன்கொடைப் பொம்மையோடு பேரம் பேசுவதற்குரியவை அல்ல. பொது வகுப்பில் வைத்தால் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். கேலி ஏற்கெனவே நடக்கிறது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது அது ஒரு பொம்மையின்மேல் வெளிப்பட்டால், குழந்தையின்மேல் விழும் முன்பே திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது. ஹெட்போன், விரலால் சுழற்றும் பொருள், கையில் டேப்லெட் என்று ஆட்டிசத்துக்கு ஒரே முகம் கொடுத்துவிடலாமா என்ற கேள்வி சரியானது. எந்த ஒரு பொம்மையும் ஒரு குறைபாட்டின் முழு உருவம் அல்ல என்பதை ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். அதற்கான குறிப்பு இல்லாமல் பொம்மையைக் கொடுப்பது வீண். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய சித்திரிப்பில் அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் திரைப்படங்களுக்குச் சொன்னது, பொம்மைக்கும் பொருந்தும்.

இது வெளிநாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஒட்டாது என்ற எதிர்ப்பு மட்டும் வியப்பளிக்கிறது. டெல்லி சுல்தானின் மகள் அரங்கனின் உற்சவத் திருமேனியான அழகிய மணவாளனைத் தன் விளையாட்டுப் பொம்மையாக வைத்துக்கொண்டாள் என்பது ஸ்ரீரங்கத்து ஐதிகம். அவளைத் துலுக்க நாச்சியார் என்று சன்னிதி வைத்துக் கொண்டாடி, ரொட்டி நிவேதனம் செய்கிற ஊர் இது. ராமானுஜரைக் காக்க அவர் இடத்தில் சோழன் சபைக்குப் போய்க் கண்களை இழந்த கூரத்தாழ்வானைக் குருபரம்பரையில் வைத்து வணங்குகிற ஊரும் இதுதான். அப்படியிருந்தும் கொலுப்படியில் உடற்குறை தெரியும் உருவத்தைத் தேடினால், ராமாயண செட்டின் கூனிதான் சட்டென்று கண்ணில் படுகிறாள். கல்யாண செட், செட்டியார் கடை, கிரிக்கெட் செட் என்று ஆண்டுதோறும் புதிது புகுகிற படிகளில் ஊன்றுகோலோடு ஒரு ஆசிரியையும் சக்கர நாற்காலியில் ஒரு டாக்டரும் இருந்தால் எந்த ஆகமமும் குறுக்கே நிற்காது. கொலு வைப்பது அவரவர் வீட்டு விருப்பம். எல்லா மதத்தவரும் உள்ள சங்கம் இதில் கருத்து மட்டுமே சொல்கிறது. ஆனால் அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரிடம் கோரிக்கையாகவே வைக்கிறோம்: சிங்காரத்தோப்பு விற்பனை நிலையத்தின் அடுத்த கொலுக் கண்காட்சிக்கு, கைவினைஞர்களும் மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து வடிவமைத்த பொம்மைகளைச் செய்வியுங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமான தர முத்திரையிலிருந்து, பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற தலையாட்டி பொம்மை செய்யும் தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது.

ஆகவே கிளைகள் பின்வருமாறு நடந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். தரப்படும் பொம்மைகளில் பாதிக்குக் குறையாமல் அங்கன்வாடிகளுக்கும் பொதுப் பள்ளிகளுக்கும் போக வேண்டும். கழன்று வரும் சிறு பாகங்கள் உள்ளவற்றை மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளிடம் தரக் கூடாது. வழங்கும்போது குழந்தைகளைப் படம் எடுக்க அனுமதி இல்லை; இதில் விதிவிலக்கும் இல்லை. பொம்மை பெறும் ஒவ்வொரு பள்ளியிலும் சாய்தளமும் அணுகத்தக்க கழிப்பறையும் உண்டா என்று இயன்றவரை பார்த்து எழுதி, அந்தப் பட்டியலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்க வேண்டும். மாறுபட்ட உறுப்பினர்களின் குறிப்பு பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்குப் பின் இந்நிலைப்பாடு மறுபரிசீலனைக்கு வரும். அதுவரை இந்த நிபந்தனைகளை ஏற்காத நன்கொடையைச் சங்கத்தின் பெயரில் எந்தக் கிளையும் வாங்கக் கூடாது.