விதை எல்லா இடத்திலும் விழுகிறது... முளைப்பது ஏன் சில இடங்களில் மட்டும்? புற்றுநோய் செல்லின் அக்கம்பக்கக் கதை!

மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்கு இவ்வளவு பரவுகிறது. மண்ணீரலுக்கு ஏன் பரவுவதில்லை?

லண்டனைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்டீபன் பேஜட்டைக் குடைந்த கேள்வி இது. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி, பொறுமையாக எண்ணினார். கல்லீரலுக்குப் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலுக்கு வெறும் 17 பேருக்கு. இத்தனைக்கும் மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றும் சின்னது இல்லை. ரத்தத்தில் மிதந்துபோகும் புற்றுநோய் செல் ஒதுங்குகிற இடத்தில் எல்லாம் வளர்ந்துவிடும் என்றால், இந்தக் கணக்கு இடிக்கிறதே?

1889-ல் 'லான்செட்' இதழில் பேஜட் தன் பதிலை எழுதினார். முற்றிய செடியிலிருந்து விதைகள் நாலா பக்கமும் பறக்கின்றன, தோதான மண்ணில் விழுந்தவைதான் முளைக்கின்றன. புற்றுநோயும் அப்படித்தான் என்றார். விதையையே எல்லோரும் ஆராய்கிறார்கள், மண்ணையும் கொஞ்சம் பாருங்கள் என்பதுதான் அவருடைய கட்சி.

யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. 1920-களில் அமெரிக்க நோயியல் நிபுணர் ஜேம்ஸ் யூயிங், 'எல்லாம் ரத்தம் ஓடுகிற வழிதான்' என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கு அடிக்கடி பரவக் காரணம், குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவது. ஆனால், வழி மட்டுமே முழுக்காரணம் இல்லை என்பதை 1980-ல் இயன் ஹார்ட், ஐசாயா ஃபிட்லர் இருவரும் எலிகளிடம் காட்டினார்கள். நுரையீரல், சினைப்பை, சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு துண்டுகளை எலியின் தொடைத் தசையில் ஒட்டவைத்துவிட்டு, தோல் புற்றுநோய் செல்களை ரத்தத்தில் செலுத்தினார்கள். நுரையீரல் துண்டிலும் சினைப்பைத் துண்டிலும் கட்டி வளர்ந்தது. சிறுநீரகத் துண்டில் வளரவில்லை. ரத்தம் வருவது அதே தொடையிலிருந்துதான். மண்தான் வேறு!

கோழி முட்டைக்குள் ஓர் ஆச்சர்யம்

கோழிகளுக்குப் புற்றுக்கட்டி வரவழைக்கும் வைரஸ் ஒன்றை 1911-ல் பேட்டன் ரவுஸ் கண்டுபிடித்தார். பிற்பாடு நோபல் பரிசும் பெற்றார். இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் அந்த செல் புற்றுநோய் செல்லாக மாறும், அவ்வளவுதான் என்று நம்பினார்கள்.

ஈரானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த மினா பிஸ்ஸெல் குழுவினர், அதே வைரஸை முட்டைக்குள் வளரும் கோழிக் கருவின் இறக்கையில் செலுத்திப் பார்த்தார்கள். 1984-ல் வெளியான முடிவு பலரைத் தூக்கிவாரிப்போட்டது. வைரஸ் செல்லுக்குள் போய்விட்டது, கட்டி வரவில்லை. இறக்கை பாட்டுக்கு வளர்ந்தது. அந்த இறக்கையின் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத் தட்டில் போட்டபோது, சீக்கிரமே புற்றுநோய் செல்களாக மாறின. அக்கம்பக்கம் கலையும்வரை அவை அடங்கி இருந்திருக்கின்றன.

1997-ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மார்பகப் புற்றுநோய் செல்களை, உடலின் திசுவைப் போன்ற ஜெல்லில் வளர்த்தார்கள். செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, வெளியே உள்ள நிலவரத்தை உள்ளே சொல்லும் ஒரு புரதத்தை மட்டும் தடுத்தார்கள். தாறுமாறாகக் குவிந்துகிடந்த செல்கள் ஒழுங்கான சிறு உருண்டைகளாக, நலமான மார்பகத் திசு போல அமைந்தன. மரபணுக் கோளாறு அப்படியே இருந்தது. நடத்தை மாறியது!

ஆறாத புண்

கட்டியைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள்? முக்கியமான ஆள் ஃபைப்ரோபிளாஸ்ட். காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், ஓடிவந்து கொலாஜன் நார்களை நெய்து புண்ணை மூடும் செல் இது. கூடவே மேக்ரோபேஜ் எனும் துப்புரவு செல்களும் வரும், புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். புண் ஆறியதும் வேலையை நிறுத்திவிடுவார்கள். புற்றுக்கட்டியிலும் இதே கூட்டம்தான். ஆனால், வேலை முடிவதே இல்லை. கட்டியோ, வந்த ரத்தத்தையும் வளர்ச்சிப் புரதங்களையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அமெரிக்க மருத்துவர் ஹெரால்ட் டுவோராக் 1986-ல் கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்று வர்ணித்தது இதனால்தான். மார்பகக் கட்டி கைக்குக் கல் போலத் தட்டுப்படுவதிலும் இந்த நார்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

'புண்' என்றதும் நம் வீடுகளில் ஒரு பயம் கிளம்பும். 'கத்தி பட்டால் பரவிடும், பயாப்சியே வேண்டாம்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஆராய்ச்சிகள் அதற்குச் சான்று இல்லை. பயாப்சி எடுக்காமல் என்ன வகைப் புற்றுநோய் என்றே சொல்ல முடியாது. வகை தெரியாமல் மருந்தும் கொடுக்க முடியாது. காத்திருக்கும் மாதங்களில் கட்டி காத்திருப்பதில்லை.

இன்னொன்று, கட்டியைச் சுற்றியுள்ள பகுதி அமிலத்தன்மையோடு இருப்பது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு 'ஆல்கலைன் தண்ணீர் குடித்தால் புற்றுநோய் வளராது' என்று விற்கிறார்கள். ரத்தத்தின் அமில, காரச் சமநிலையை நுரையீரலும் சிறுநீரகமும் கறாராகக் காக்கின்றன. பாட்டில் தண்ணீர் அதை மாற்றாது. பணம்தான் கரையும்.

வேலியை உடைத்தால்?

கணையப் புற்றுநோயில் கட்டியின் பெரும்பகுதி புற்றுநோய் செல்லே இல்லை, சுற்றியுள்ள நார்த்திசுதான். கீமோ மருந்து உள்ளே நுழைய இது தடை. அப்படியானால் நார்ச்சுவரை இடித்துவிட்டால் மருந்து பாயுமே? எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது, சுவரை இடிக்கும் மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட மோசமானார்கள். 2012-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. காரணம் 2014-ல் கொஞ்சம் புரிந்தது. சுற்றுத்திசுவை அகற்றிய எலிகளில் கட்டி இன்னும் மூர்க்கமானது. கட்டிக்குச் சோறு போட்ட அதே அக்கம்பக்கம், அதை ஓரளவு கட்டியும் வைத்திருந்திருக்கிறது. ஒட்டுமொத்தமாக இடிப்பதைவிட, எந்தச் செல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி.

எலும்பு எனும் வளமான மண்

மண்ணைக் கவனித்ததற்குக் கைமேல் பலன் கிடைத்த இடம், எலும்பு. மார்பகப் புற்றுநோய் எலும்பில் குடியேறினால், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதில் சேமித்துவைக்கப்பட்டிருந்த வளர்ச்சிப் புரதங்கள் வெளியே வருகின்றன. அவற்றைத் தின்று புற்றுநோய் வளர்கிறது. வளர்ந்தது மேலும் எலும்பைக் கரைக்கிறது.

'புற்றுநோய்க்குத்தானே வந்தோம், அம்மாவுக்கு எதற்கு எலும்புத் தேய்மான ஊசி?' என்று மகள்கள் குழம்புவது இங்கேதான். ஜோலெட்ரானிக் ஆசிட் போன்ற மருந்து எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி, அந்தச் சுழற்சியை முறிக்கப் பார்க்கிறது. நோய் எலும்புக்குப் பரவாதவர்களுக்கும் சில நேரம் தருகிறார்கள். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் இருந்த 18,000-க்கும் அதிகமான பெண்களின் தகவல்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் எலும்பில் நோய் திரும்புவது குறைந்தது, மரணங்களும் ஓரளவு குறைந்தன. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. மருந்து அதேதான், உடலின் நிலைதான் வேறு.

இந்த ஊசி எல்லோருக்கும் தேவைப்படாது. யாருக்கு, எத்தனை தவணை என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்வார். எழுதித் தந்தால், முதல் ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சொத்தைப்பல் பிடுங்க வேண்டியிருந்தால் அப்போதே பிடுங்கிவிடலாம். ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் பாதிப்பு அரிதாக வருவதுண்டு. சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்ற ரத்தப் பரிசோதனையும் அவசியம். அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.