கடைக்கு மேலே விளக்கு எரியணும்

பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் வேலை பார்த்த வாய்க்குச் சுருக்கமாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு வந்தது. திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டி எங்கள் தாத்தா காலத்துக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே கடை, மேலே மச்சு வீடு. அதை விற்றுவிடலாமாம். வாங்குகிறவர் இடித்துவிட்டு, பாதியில் குடோனும் பாதியில் கார் நிறுத்தும் இடமும் போடுவாராம். "தெருவே செத்துப்போச்சு அத்தை. பார்க்கிங் வந்தாத்தான் இனிமே யாவாரம்" என்று என் தம்பி மகன் எழுதியிருந்தான். பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்கிறீர்கள் டீச்சர் என்று கேட்பீர்கள். என்னிடம் படித்த பலருக்கும் அந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு மச்சு பூட்டிக் கிடக்கிறது. அதனால்தான்.

நான் சொல்வது இதுதான்: அந்தத் தெருவில் தூங்குகிறவர்கள் போனார்கள், அதனால் தெரு படுத்தது. கார் நிறுத்த இடம் கொடுத்தால் அது எழுந்திருக்காது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழே அப்பாவின் பலசரக்குக் கடை, மேலே நாங்கள் ஏழு பேர். பக்கத்துப் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு குடும்பம், எதிர்த்த மருந்துக் கடைக்கு மேலே இரண்டு குடும்பம். அப்பாவின் கடைக்கு யாரும் வண்டி கட்டிக்கொண்டு வரவில்லை. மாடிப்படியில் இறங்கி வந்தார்கள். கால் கிலோ சீனி, ஒரு முழம் பூ, தலைவலி மாத்திரை, தைக்கக் கொடுத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் இறங்கி வந்தார்கள். அந்தச் சில்லறை யாவாரம்தான் தீபாவளிக்கும் ஆனித் தேரோட்டத்துக்கும் நடுவே கடைகளைத் தாங்கிப் பிடித்தது. கால் கிலோ சீனிக்கு யாராவது பெருமாள்புரத்திலிருந்து காரில் வருவார்களா?

பிறகு என்ன நடந்தது? பஸ் ஸ்டாண்ட் வேய்ந்தான்குளத்துக்குப் போனது. பெரிய கடைகள் வண்ணாரப்பேட்டைக்குப் போயின. மனிதர்கள் மகாராஜ நகருக்கும் கே.டி.சி. நகருக்கும் போனார்கள். நானும் யோக்கியமில்லை. பி.எஃப்.பில் கடன் போட்டு பெருமாள்புரத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவள்தான். போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் பழைய தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தேன். மாடியில் விளக்கு எரிந்த வீடு மூன்றே மூன்று. மற்றதெல்லாம் அட்டைப் பெட்டியும் புறா எச்சமும்.

இனி உங்கள் ஆட்சேபணைகள்.

"குடிவைத்தால் காலி பண்ண மாட்டார்கள்." இந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் 2017-இல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், காலி பண்ண மாட்டேன் என்று தகராறு வந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் புலம்பிய காலத்துப் பயத்தை இன்னும் தூக்கிச் சுமக்காதீர்கள்.

"அந்தச் சத்தத்திலும் தூசியிலும் யார் இருப்பார்கள்?" மூட்டுவலிக்கார நான் இருக்க மாட்டேன். ஆனால் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ராத்திரி கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? புதிதாகக் கல்யாணமாகி இருவரும் வேலைக்குப் போகிற பிள்ளைகள்? இவர்களுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு நல்ல வீடு கிடைத்தால் வேண்டாம் என்பார்களா?

நல்ல வீடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2013-இல் அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி வாங்காமலே வீடாக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். புறாக்கூண்டு மாதிரி அறைகள் வந்தன. சிலவற்றில் ஜன்னலே இல்லை. பிறகுதான் விழித்துக்கொண்டு, 2020-இல் வெளிச்சம் கட்டாயம் என்றார்கள். 2021-இல் ஒருவர் இருக்கிற வீட்டுக்கும் குறைந்தது 37 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 400 சதுர அடி வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு கடைகளை வீடாக்குகிற வழியையும் அகலமாக்கினார்கள். அவர்கள் பட்ட பாட்டை நாம் மறுபடியும் பட வேண்டாம். கடைக்குள் நுழையாமல் ஏறுகிற தனி மாடிப்படி, ஜன்னல், தண்ணீர், கழிப்பறை, தீப்பிடித்தால் தப்பிக்க இன்னொரு வழி. இத்தனையும் இருந்தால்தான் குடிவைக்க வேண்டும். கீழே பட்டாசோ தின்னரோ அடுக்கியிருந்தால் மேலே ஆள் வைப்பது பாவம். இன்னொன்று, கீழ்க்கடை கடையாகவே இருக்கட்டும். அதையும் வீடாக்கினால் தெருவுக்கு மிச்சம் என்ன?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை புது வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்லது. ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் கட்டுகிறவனுக்கு இருக்கும் இந்தச் சுளுவு, ஏற்கனவே ரோடும் சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் உள்ள தெருவில் பழைய மச்சைச் செப்பனிடுகிறவனுக்கும் வேண்டாமா?

கடைசி ஆட்சேபணையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாகம். ஒரு மச்சுக்கு ஒன்பது வாரிசு. ஒருவர் சென்னை, ஒருவர் துபாய், இருவர் பேச்சுவார்த்தை இல்லை. பூட்டைத் திறக்க ஒருவர் விட மாட்டார், விற்க மட்டும் எல்லாரும் கூடுவார்கள். நம் தெருக்களைக் கொன்றதில் பாதிப் பங்கு இந்த வீம்புக்கு.

ஆகவே என் சொந்தங்களே, விற்பனைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்குப் பதிலாக, பணிக்கொடையில் மிச்சம் வைத்திருப்பதைப் படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் போடுகிறேன். வருகிற வாடகையைப் பாகப்படி பிரித்துக்கொள்வோம். இரண்டு வருஷம் பார்ப்போம். நான் சொன்னது தப்பாகிவிட்டால், நானே உங்களைக் கூட்டிக்கொண்டு பத்திர ஆபீசுக்கு வருகிறேன்.

மாணவர்களில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள், மாநகராட்சியில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். என் கணக்கில் தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்துங்கள். வெறும் கட்டைவிரல் வேண்டாம்.

என்றும் உங்கள்
டீச்சர்