பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு மட்டும் லீவு கிடைக்காதா?

சென்னையிலிருந்து புனே வந்த முதல் வருஷம். மகள் வகுப்பில் ஏழு மாதமாக வாயே திறக்கவில்லையாம். டீச்சர் 'மந்தம்' என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டில் ஓயாமல் கதையளப்பவள்! இந்தி புரியாததுதான் சிக்கல் என்று சொல்ல நான் ஒருமுறைகூடப் போகவில்லை. கடைசியில் போய்ச் சொன்னதும், மறுநாளே முன் பெஞ்சுக்கு மாற்றினார்.

பள்ளியை மட்டும் திட்டிப் பயனில்லை மக்களே. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கைப் பெற்றோருக்குத் தருகிறது. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அது பொருந்தாது. நமக்கு இருப்பது பத்து நிமிட மீட்டிங். அதையும் 'இந்தி வராது, ஆபீஸ்ல வேலை' என்று விட்டால் எப்படி?

உடைந்த இந்தியிலாவது பேசுங்கள். நாம் சொல்லாவிட்டால் ரிப்போர்ட் கார்டு சொல்வதுதான் நம் பிள்ளை.