பெத்ருஸ் என்பவர் யார்?



சென்ற கோடையில் என் தமையனாரின் பேரன் ஸ்காட்லாந்திலிருந்து மனைவியுடன் வடுகபட்டிக்கு வந்திருந்தான். அவள் அந்நாட்டுப் பெண். பூண்டுச் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தவள், தன் முன்னோர் பெயர்களை வரிசையாக எழுதிய நீண்ட தாளொன்றை என் முன் விரித்தாள்.

அவள் நாட்டில் 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. 1851 முதல் அவரவர் பிறந்த பங்கும் உண்டு. நூறாண்டு கழிந்தபின் அவற்றை எவரும் பார்க்கலாம். அந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டே மேலேறியவள், வேல்ஸ் நாட்டுப் பிரபு ஒருவர்வரை போய்விட்டாள். இடைக்கால வேல்ஸில் நிலவுரிமையும், கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் தொகையும் உறவுமுறையைக் கொண்டே தீர்க்கப்பட்டன. ஆகவே சாமானியரும் ஆறேழு தலைமுறையை ஒப்புவிப்பார்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெரால்டு என்ற திருச்சபை அறிஞர் எழுதிவைத்தார். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன் வைக்கிறோம். அவர்களோ 'இன்னார் மகன்' என்பதற்கு 'ஆப்' என்று சேர்த்தார்கள். 'ஆப் ஹவெல்' என்பதே நாளடைவில் பவல் என்ற குடும்பப் பெயராயிற்று. பிரபுவரை போன அந்த ஏணியில் எத்தனை படி உறுதியானவை என்று நான் கேட்கவில்லை. விருந்தாளியிடம் கேட்கலாமா?

"சின்னத்தாத்தா, உங்கள் பாட்டனாருக்குத் தகப்பனார் பெயர் என்ன?" என்றான் பேரன்.

எனக்குத் தெரியவில்லை. பாளையக்காரர் வழியில் வந்தவர்கள் என்று எங்கள் வீட்டில் பெருமை பேசியதுண்டு. போடிநாயக்கனூர், கண்டமனூர் என்று ஜமீன்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில் அப்படிப் பேசாத வீடு குறைவு. பாளையக்காரர் வம்சாவளிகள் பல ஏட்டில் இன்றும் கிடைப்பது, காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி 1821இல் இறக்கும்வரை அவற்றைத் தேடிச் சேகரித்ததால்தான். அவரும் ஸ்காட்லாந்துக்காரரே! ஆனால் அத்தகைய ஏடுகளில் எங்களைப் போன்ற கூலிக் குடும்பங்களைத் தேடிப் பயனில்லை. இந்தியாவில் 1871-72 முதல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கும் உதவாது. தொகை எண்கள் அச்சாயின. வீடுதோறும் பெயர் எழுதிய தாள்கள் பாதுகாக்கப்படவில்லை.

நமக்கு எஞ்சியிருப்பது பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563இல் திருமணங்களைப் பதிவு செய்யக் கட்டளையிட்டு, ஞானப் பெற்றோர் பெயரையும் எழுதச் சொன்னது. 1908 முதல், ஒருவர் எங்கே மணமுடித்தாலும் அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அவருடைய பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. ஆகவே பதிவின் ஓரத்தைப் பார்க்காமல் ஏட்டை மூடிவிடாதீர்கள். மணமுடித்த ஊரும், துணைவரின் பெயரும் பெரும்பாலும் அங்கே காத்திருக்கும்.

மலையடிவாரத்துப் பழைய பங்கு ஒன்றுக்கு நாங்கள் மூவரும் சென்றோம். புறப்படுமுன் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தையும் எடுத்துச் சென்றேன். அதைப்பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் பாட்டனாரின் தமையனார் இளவயதிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அவர் பேரன் ஹட்டன் பக்கத்திலிருந்து 1967இல் என் தந்தைக்கு எழுதிய கடிதம் அது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. நம் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள நம் தூதரகத்தில் இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ள இடமளிக்கிறது. அதற்கு அத்தாட்சி வேண்டுமே! "சித்தப்பா, பாட்டனாரின் ஞானஸ்நானச் சீட்டு ஒன்று எடுத்து அனுப்பினால் போதும்" என்பதே அக்கடிதத்தின் வேண்டுகோள்.

என் தந்தை போய்க் கேட்டிருக்கிறார். 'இராயப்பன்' என்று பெயர் சொன்னார். தேடிப் பார்த்தவர், அப்படி ஒருவர் இல்லை என்றார். தந்தையும் அவ்வாறே பதில் எழுதிவிட்டார். அதன்பின் கடிதம் வரவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துபோகும்.

நாங்கள் முதலில் என் பாட்டனாரைத் தேடினோம். அவர் பிறந்த ஆண்டு 1878 என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆண்டில் சூசை என்று ஒருவரும் இல்லை, 'யோசேபுஸ்' இருந்தார்! ஏடு முழுவதும் இலத்தீன். சூசை யோசேபுஸ் ஆனால் சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், இன்னாசி இக்னாசியுஸ். யோசேபுஸின் தந்தை பவுலுஸ் என்றிருந்தது. பேரன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: சின்னப்பன். அதே தாய், அதே தந்தை என்று பார்த்துக்கொண்டே பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினோம். 1874ஆம் ஆண்டுப் பக்கத்தில், மை மங்கிய நான்கு வரிகளில், 'பெத்ருஸ்' இருந்தார்.

இராயப்பர் என்றால் பேதுரு என்று என் தந்தைக்குத் தெரியாதா? ஜூன் 29 தோறும் இராயப்பர் சின்னப்பர் திருநாள் பூசைக்குத் தவறாமல் போனவர். ஏடு எந்த மொழியில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவே. தேடிப் பார்த்தவரையும் நான் குறை சொல்வதற்கில்லை. எத்தனை அலுவலுக்கிடையே பார்த்தாரோ!

ஸ்காட்லாந்துப் பெண்தான் அந்த வரிகளை வாய்விட்டுப் படித்தாள். பள்ளியில் இலத்தீன் கற்றவளாம். பங்குக் குருவானவர் முத்திரையிட்டுச் சான்று எழுதித் தந்தார். 1964 முதல் இலங்கையிலேயே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழி வந்தோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே குடியுரிமை அளித்துவிட்டது. ஆகவே அந்தச் சீட்டு இப்போது எந்த அலுவலகத்திலும் தேவைப்படாமல் இருக்கலாம். ஆயினும் அதன் நகலையும், 1967ஆம் ஆண்டுக் கடிதத்தின் நகலையும் ஓர் உறையில் இட்டு, அக்கடிதத்தில் கண்ட தோட்டம் எந்தப் பங்கைச் சேர்ந்ததோ அந்தப் பங்குக் குருவானவருக்குப் பேரன் அனுப்பியிருக்கிறான். உறைக்குள் வைக்கும் கடிதத்தை நானே எழுதினேன். "அன்புள்ள அண்ணனுக்கு" என்று தொடங்கினேன். அவர் உயிரோடு இருந்தால் இப்போது தொண்ணூறு வயதைக் கடந்திருப்பார்.