அரம் பிடித்த கையும் ஆகாய விமானமும்

திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுத் தொழிலாளி, அரத்தால் ராவிய சாவிப் பல்லை விரல் நுனியால் தடவிப் பார்ப்பதை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். கண்ணுக்குப் படாத பிசிறு விரலுக்குப் படும். 2019-ல் இப்பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புகழுரைக்குக் குறைவில்லை, பட்டறைகளே குறைந்துவிட்டன.

ஜெட் விமானத்தைப் பற்றிப் பேசப் புகுந்து பூட்டைப் பற்றி எழுதுவானேன்? காரணமுண்டு. ஜெட் யந்திரத்தில் காற்றை அமுக்கும் பாகம் கம்ப்ரஸர். அதன் உட்புறத்தில் வரிசை வரிசையாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகள் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேலும் சுழல்கின்றன. ஓடுபாதையிலுள்ள கல்லோ, பறக்கும் பறவையோ உள்ளே இழுக்கப்பட்டால் தகட்டின் விளிம்பில் வடு உண்டாகும். அவ்வடுவிலிருந்து நாளடைவில் விரிசல் ஓடும். ஒரு தகடு முறிந்தால் பின்வரிசைகளையும் நாசம் செய்யும். ஆகையால் போரஸ்கோப் என்னும் குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி, சுழலும் பாகத்தை மெதுவாகத் திருப்பி, தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்கள். நுனியிலுள்ள வடுவை ஓரளவு பொறுக்கலாம்; அடியிலுள்ளதைப் பொறுக்கலாகாது. விதித்த அளவுக்குட்பட்ட வடுவை ராவி வழவழப்பாக்கி விரிசலைத் தடுக்கிறார்கள். ஆம், ராவித்தான்! குறுக்கு விசாரணையில் பழகிய நமக்கு இவ்வளவு பொறுமை உண்டா என்பது சந்தேகமே.

2023-ல் இண்டிகோ 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதே வருஷத்தில் பிராட் அண்ட் விட்னி கம்பெனியார், தங்கள் யந்திரங்கள் சிலவற்றின் உலோகப் பொடியில் மாசு கலந்திருந்ததை வெளியிட்டனர். யந்திரங்களைக் கழற்றிப் பரிசோதிக்க நேர்ந்தது. இண்டிகோ விமானங்கள் பல தரையில் நின்றன. நம் விமானங்களின் யந்திரங்களை நெடுங்காலமாகப் பெரும்பாலும் அந்நிய தேசங்களுக்கே அனுப்பிப் பழுது பார்த்து வந்தோம். 2020-ல் சர்க்கார் இத்தொழிலின் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது நன்றே. ஆனால் வரி குறைந்தால் மட்டும் தேர்ந்த கைகள் உண்டாகிவிடுமா?

சொந்த யந்திரம் செய்வது நீண்ட வேலை. 1989-ல் தொடங்கிய காவேரி யந்திரம் தேஜஸ் விமானத்தில் ஏறவில்லை. அமெரிக்க யந்திரமே ஏறிற்று. பரிசோதனைத் தொழிலோ அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதன்று.

பூட்டுத் தொழிலாளியின் மகன் நாளைக்கே விமானத்தைத் தொடலாம் என்று நாம் கூறவில்லை. அவன் உலோக சாஸ்திரம் படிக்கவேண்டும். விமானத்துறை டைரக்டரேட்டின் லைசென்ஸ் விதிகளுக்கு உட்படவேண்டும். நாம் கேட்பது சிறிது: திண்டுக்கல் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு வகுப்பு, ஒரு போரஸ்கோப், கழித்துப் போட்ட தகடுகள் சில. இதற்குச் சென்னையிலுள்ள மந்திரிகள் பதில் சொல்லட்டும்.