பொது மருத்துவரைத் தேடி...

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியிலிருந்து வேலூர் சுமார் 25 கி.மீ.தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையும் அங்கேதான். பக்கம்தானே என்கிறீர்களா? மலையிலிருந்து இறங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் அன்றைய கூலி போச்சு!

காய்ச்சல், சளிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ஆனால் ஒரே ஆளுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்து வந்தால்? மொத்தமாகப் பார்த்து மருந்தை முடிவு செய்ய எம்.டி. படித்த பொது மருத்துவர் வேண்டும். அதுவும் ஒருமுறை பார்த்தால் தீராது. தொடர்ந்து பார்க்க வேண்டும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்ல விஷயம். மருத்துவரும் வர வேண்டாமா? ஐடா ஸ்கடர் அந்தக் காலத்திலேயே சாலையோர மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர். குறித்த கிழமையில், மாறாத ஒரு பொது மருத்துவர் மலையேறி வரட்டும். அது சலுகை அல்ல, தேவை.