மொட்டை மரமும் பாக்தாத்தும்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பால்டாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயருக்கு இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. ‘பால்ட்’ என்றால் மொட்டை, ‘ஓக்’ என்றால் மரம், ஆகவே பட்டுப்போன ஓக் மரம் நின்ற ஊர் என்பது ஒன்று. பாக்தாத் என்பது மற்றொன்று. கையேட்டு எழுத்தாளர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ‘இருவேறு கருத்துகள் நிலவுகின்றன’ என்று முடித்துக்கொள்கிறார்கள். இந்த நடுநிலை வெறும் சோம்பல். ஆவணத்தையும் காதுக்கு இனிய ஊகத்தையும் ஒரே தராசில் வைப்பதற்கு நேர்மை என்று பெயரில்லை.

பால்டாக் தானாக முளைத்த கிராமமன்று. ரோமானியர் காலத்தில் அங்கே ஒரு குடியிருப்பு இருந்து அழிந்தது உண்மை. ஆனால் 1086-இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இப்படியோர் ஊரே இல்லை. பெம்ப்ரோக் பிரபு கில்பர்ட் டி கிளேர், 1148-இல் இறப்பதற்கு முன், வெஸ்டன் பண்ணையின் ஒரு துண்டு நிலத்தை டெம்ப்ளர் வீரத்துறவிகளுக்குக் கொடுத்தார். இரண்டு பழம்பாதைகள் குறுக்கிடும் அந்த இடத்தில் அவர்கள் திட்டமிட்டு ஒரு சந்தை நகரத்தை எழுப்பினார்கள். சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைப் பாருங்கள். வெஸ்டன் என்றால் மேற்குப் பண்ணை, நார்ட்டன் என்றால் வடக்குப் பண்ணை. உழவர் வாயில் பிறந்த பழைய ஆங்கிலப் பெயர்கள். அவற்றின் நடுவே பிரெஞ்சு பேசிய சிலுவைப்போர்த் துறவிகள் கட்டிய ஊருக்கு 12-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் காணும் வடிவங்கள் பால்டக், பௌடக். அக்காலப் பிரெஞ்சில் பாக்தாத்துக்கு வழங்கிய பெயரும் அதுவே.

மரக் கட்சியினரிடமும் ஒரு வாதம் உண்டு, அதை மறைப்பானேன்? பழைய ஆங்கிலத்தில் ஓக் மரம் ‘ஆக்’ எனப்பட்டது. ஆக, பழைய வடிவத்தின் வாலில் மரம் ஒட்டத்தான் செய்கிறது. தலைதான் ஒட்டவில்லை. மொட்டை என்ற பொருளில் அச்சொல்லின் பழைய வடிவம் ‘பாலெட்’ என்பதுபோல ஈரசையாக ஒலித்தது. ஊர்ப்பெயரின் தொடக்க வடிவங்களில் அந்த இரண்டாம் அசையின் சுவடே கிடையாது. இன்றைய உச்சரிப்பை வைத்துக்கொண்டு எண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிப் பாய்வது விடுகதைக்குச் சரி, வரலாற்றுக்கு ஆகாது.

‘டெம்ப்ளர்கள் பாக்தாத்தைப் பிடிக்கவே இல்லையே?’ என்று கேட்பார்கள். பிடிக்கவில்லைதான். ஆனால் ஐரோப்பாவில் பாக்தாத் என்றால் பட்டும் பொன்னிழையும் குவிந்த சந்தை. அப்பெயரிலிருந்தே இத்தாலியில் ‘பால்தாக்கினோ’ பிறந்தது. முதலில் விலையுயர்ந்த துணிக்கும், பின்னர் பலிபீடத்தின் மேல் கவியும் விதானத்துக்கும் அதுவே பெயர். ரோமின் புனித பேதுரு ஆலயத்தில் பெர்னினி எழுப்பிய வெண்கல விதானமும் அப்பெயரையே சுமக்கிறது. பாக்தாத் எப்படிப் பால்டாக் ஆகும் என்று ஐயுறுவோர் அந்த விதானத்தை அண்ணாந்து பார்க்கலாம். புதுச்சந்தை திறப்பவன் ராசியான பெயரைத் தேடுவதில் வியப்பென்ன? துறவிகள் என்றாலும் அவர்கள் கெட்டிக்கார வணிகர்கள்.

மரத்தை ஏற்றுக்கொண்டால் நாம் இழப்பது ஒரு சுவையான தகவலை மட்டுமன்று. அப்பாஸிய கலீபா அல்-மன்சூர் 762-இல் தன் தலைநகரைத் திட்டமிட்டுக் கட்டியபோது ‘அமைதி நகரம்’ என்று பெயரிட்டார். மக்கள் நாவில் நின்றதோ அதற்கும் முந்தைய பாக்தாத். ‘கடவுள் தந்தது’ எனப் பொருள்படும் ஈரானியச் சொல் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இஸ்லாமியரோடு போரிட்ட துறவியர் படை, கலீபாவின் நகரப் பெயரை ஆங்கில மண்ணில் கூசாமல் நட்டது. பகைவனின் செல்வத்தின்மேல் கொண்ட வியப்பு அப்பெயருக்குள் இருக்கிறது. உள்ளூர் மரம் ஒன்றை அங்கே நிறுத்தினால் இவ்வளவும் மறைந்து, ஊர் ‘நம் மண்ணில் தானே விளைந்த’ ஒன்றாகிவிடுகிறது. சிலருக்கு அது வசதியாகவும் இருக்கிறது. அவர்கள் 12-ஆம் நூற்றாண்டின் ஓர் ஆவணத்திலாவது அந்த மொட்டை மரத்தைக் காட்டட்டும்.